உப்புக்காற்றில் பாதுகாப்புச் சாதனங்கள்: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினத்தில் கடை வைத்திருக்கிறோம். படகுக்கு லைஃப் ஜாக்கெட், ஐஸ் ஃபேக்டரிக்கு முகமூடி, ரைஸ் மில்லுக்குப் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் சைக்ளோன் என்று விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். காரைக்கால், வேதாரண்யம், மன்னார்குடி என்று எங்கிருந்து ஃபோன் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எல்லா லைஃப் ஜாக்கெட்டும் ஆரஞ்சு நிறம்தான். விலையில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நிறத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே தைத்திருக்கும் துணிப்பட்டையில் நியூட்டன் என்று ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். எவ்வளவு மிதக்கவைக்கும் என்பதன் அளவு அது. 50 நியூட்டன் என்றால் நீச்சல் தெரிந்தவர் கரையோரத்தில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். மயங்கியவரை அது புரட்டிப் போடாது. 100 கரையை ஒட்டிய தொழிலுக்கு. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு என்றால் 150.

புரட்டிப் போடுவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், கப்பல்களுக்கான சர்வதேச விதியில் அதற்கே ஒரு சோதனை உண்டு. நினைவில்லாமல் குப்புற மிதப்பவரை ஜாக்கெட் 5 விநாடிக்குள் மல்லாத்த வேண்டும், வாய் தண்ணீர் மட்டத்துக்கு 120 மில்லிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். படகிலிருந்து விழுகிறவர் பாதி நேரம் எதிலாவது தலை மோதித்தான் விழுகிறார். அப்போது நீச்சல் தெரிந்து என்ன பயன்?

தெர்மகோல் துண்டு வைத்துத் தைத்த ஜாக்கெட்டை வாங்கவே வேண்டாம். அமுக்கிப் பார்த்தால் நறநறவென்று சத்தம் வரும். இரண்டு மாதம் ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்தால் உள்ளே எல்லாம் பொடி.

வாங்கித்தான் கொடுக்கிறேன், பையன்கள் தலையணையாக வைத்துத் தூங்குகிறார்கள். என்ன செய்வது?

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கடலில் வெயிலில் வலை இழுக்கிறவன் கனமான ஃபோம் ஜாக்கெட்டோடு எப்படி வேலை செய்வான்? இடுப்பிலோ கழுத்திலோ பட்டை போலக் கிடந்து, தண்ணீரில் விழுந்ததும் தானே ஊதிக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. உள்ளே சின்னக் கார்பன் டை ஆக்சைடு குப்பியும் ஈரம் பட்டால் கரையும் மாத்திரையும் இருக்கும். அதிலும் வம்பு உண்டு: தூண்டில் முள் குத்தினால் போச்சு, குப்பியையும் மாத்திரையையும் காலத்தில் மாற்றாவிட்டாலும் போச்சு. தூண்டில் தொழில் செய்பவருக்கு அதைக் கொடுக்கமாட்டேன். மற்றவர்களுக்கு, போடாத 150 நியூட்டனைவிடப் போட்டிருக்கும் 100 நியூட்டன் மேல்.

தலையணையாக வைத்த ஃபோம் சப்பையாகிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லா ஜாக்கெட்டையும் குளத்துக்கு எடுத்துப்போய், ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டு, கையைக் காலை ஆட்டாமல் மிதந்து பாருங்கள். தாடை நனைந்தால் அந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் போடலாம்.

செல்போன் இருக்கிறதே, டிஏடி கருவி எதற்கு?

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் செல்போன் வெறும் டார்ச் லைட். டிஏடி இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி. பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகப் படகு இருக்கும் இடமும் ஆபத்தின் வகையும் கரையிலுள்ள மையத்துக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குத் தகவல் போகும். பழைய கருவியில் செய்தி போனதா இல்லையா என்றே தெரியாமல் தவிக்க வேண்டும். இரண்டாம் தலைமுறைக் கருவியில் பதில் படகுக்கே வரும். நடுக்கடலில் இயந்திரம் நின்றவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

விஎச்எஃப் ரேடியோ வைத்திருந்தால் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் எப்போதும் காதில் விழட்டும். கரையிலிருக்கும் வீட்டார் கடலோரக் காவல் படையை 1554 எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 எண்ணிலும் கூப்பிடலாம். இந்த இரண்டு எண்ணையும் அடுப்படிச் சுவரில் எழுதிவையுங்கள், படகில் எழுதுவதைவிட அங்கேதான் அதிகம் உதவும்.

சிக்னல் ராக்கெட்டைத் திருவிழா வாணம் மாதிரி நினைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி சிவப்பாக எரிந்துகொண்டே இறங்கும். கைப்பந்தம் வகை ஒரு நிமிடம் எரியும். தேடி வருகிறவரின் விளக்கு கண்ணில் பட்ட பிறகு கொளுத்துவதற்கு அது. காலாவதி பெரும்பாலும் 3 ஆண்டு. காலாவதியானதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று கடற்கரையில் விடாதீர்கள், உண்மையென்று நம்பிப் படகு கிளம்பிவிடும்.

படகுக்கு எந்தத் தீயணைப்பு சிலிண்டர்?

இயந்திர அறைக்கும் சமையல் இடத்துக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். ஏபிசி பவுடர் எல்லா நெருப்பையும் அணைக்கும் என்று எல்லாரும் அதையே வாங்குகிறார்கள். அணைக்கும்தான். ஆனால் அதிலிருப்பது அமோனியம் பாஸ்பேட். உப்பு ஈரத்தோடு சேர்ந்து இயந்திரத்தையும் ஒயரிங்கையும் அரிக்கும். அடித்த கையோடு துடைத்துக் கழுவாவிட்டால் நெருப்பில் தப்பிய இயந்திரம் பவுடரில் போகும். மூடிய இயந்திர அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு சுத்தமான வேலை. ஒன்று மட்டும் கவனம்: உள்ளே ஆள் இருக்கும்போது அடித்தால் நெருப்புக்கு முன் ஆளுக்கு மூச்சு நின்றுவிடும்.

சமையல் கேஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவு வழியாகத் தரையோடு வெளியே போக வழி உண்டு. படகில் போக வழியில்லை, அடித்தட்டில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். சிலிண்டரை மேல்தட்டில், காற்றாடும் இடத்தில் கட்டிவையுங்கள்.

சிலிண்டரில் முள் பச்சையில்தான் நிற்கிறது. அப்புறம் என்ன சர்வீஸ்?

ஓர் ஐஸ் ஃபேக்டரியில் நடந்தது. சுவரில் சிலிண்டர் தொங்கியது, முள் பச்சையில், மேலே புது ஸ்டிக்கர், கயிறு கட்டி ரசீது அட்டை. கழற்றலாம் என்று தூக்கினேன். அடிவளையம் ஆணியோடு நின்றுவிட்டது, உடம்பு மட்டும் கையில் வந்தது. அடிப்பக்கம் முழுக்கத் துரு, பெயின்ட் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதே அழுத்தத்தில் யாராவது பதற்றத்தில் தரையில் நங்கென்று வைத்திருந்தால் அடி பிய்ந்திருக்கும். தலைகீழாகக் கவிழ்த்துக் காதில் வைத்தேன். பவுடர் சரசரவென்று ஓட வேண்டும், அசையவே இல்லை. சிமென்ட் மாதிரி கட்டிப் போயிருந்தது. முன்பு சர்வீஸ் செய்தவர் ஸ்டிக்கரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

முள் சொல்வது உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டும். ஆகவே மாதம் ஒருமுறை கவிழ்த்து ஆட்டுங்கள், அடியைத் தடவிப் பாருங்கள். பவுடர் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் கார்பன் டை ஆக்சைடுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் நீரழுத்தச் சோதனை வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது, எடைதான் கணக்கு. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். ரீஃபில் செய்பவர் தராசு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். தராசு இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள்.

மீன் அறைக்குள் இறங்கும் முன் விளக்கு இறக்கிப் பார்த்தால் போதும் என்கிறாரே படகோட்டும் ஸ்ராங்கு?

ஸ்ராங்கின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் அவர் பாதிதான் சரி. ஆக்ஸிஜன் குறைந்தால் விளக்கு அணையும், உண்மை. ஐஸ் கரைந்து கழிவு மீன் அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். அது ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு ஜம்மென்று எரியும். எரியக்கூடிய வாயு சேர்ந்திருந்தால் விளக்கே வெடிக்கு வத்தி.

அழுகிய முட்டை நாற்றம் வருமே என்பார்கள். வரும், குறைந்த அளவில். 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ‘இப்ப வாடை போயிடுச்சுண்ணே’ என்று இறங்குபவன்தான் விழுகிறான். எங்கள் கண்முன்னே ஒரு முறை இது நடக்கப் பார்த்தது. இறங்கிய பையன் ஏணியின் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்க இன்னொருவன் பாய்ந்தான். அவனை இடுப்பைப் பிடித்து நிறுத்தி, முதல் பையனைச் சட்டைக் காலரில் கொக்கி மாட்டி மேலே இழுத்தோம். இரண்டு பேரும் இன்று தொழிலுக்குப் போகிறார்கள். கழிவுநீர்த் தொட்டியானாலும் மீன் அறையானாலும் காப்பாற்றப் போகிறவர்தான் இரண்டாவதாக, மூன்றாவதாக விழுகிறார்.

மூடியைத் திறந்து, ப்ளோயர் வைத்து அரை மணி நேரம் காற்றடித்து, நான்கு வகை வாயுவை அளக்கும் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே என்றால் இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்மில் கருவி கத்தும், கத்தினால் விலகுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க ஓர் ஆள், அந்த ஆள் இறங்கவே கூடாது.

டிடெக்டர் ஒரு முறை வாங்கினால் எத்தனை வருஷம் வரும்?

பெட்டி பத்து வருஷம் வரும். உள்ளே இருக்கும் சென்சார் 2, 3 ஆண்டுதான். வேலைக்கு எடுக்கும் முன் சோதனை வாயுவை ஒரு மூச்சு காட்டிக் கத்துகிறதா என்று பாருங்கள். சிகரெட் லைட்டர் கேஸை அடித்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் சென்சார் கெடும்.

ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

காற்று வரும் திசைக்குக் குறுக்காக ஓடி, அப்புறம் காற்று வரும் பக்கம் போங்கள். அதற்குத்தான் கூரைமேல் காற்றுப்பை கட்டச் சொல்கிறோம். வாடைக் காலத்தில் ஒரு பக்கம், கச்சான் காற்று அடிக்கும்போது வேறு பக்கம். பதற்றத்தில் யாருக்கும் திசை நினைவு வராது, பையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிழிந்து நூலாகத் தொங்கும் பையை மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். குளிர்ந்து கசியும்போது நம் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளைப் புகையாகத் தரையோடுதான் தவழும். தண்ணீரில் அது உடனே கரையும், ஆகவே புகையின்மேல் தண்ணீர்த் திரை பிடிக்கலாம். தரையில் தேங்கிய திரவ அமோனியாவின்மேல் மட்டும் ஊற்றாதீர்கள், கொதித்து இன்னும் அதிகமாகக் கிளம்பும். ஈரத்துணியால் மூக்கை மூடுவது வெளியே ஓடுவதற்கு மட்டும். பச்சைப் பட்டை போட்ட கே வகை வடிகட்டி முகமூடியும் தப்பிப்பதற்குத்தான். வால்வை மூட உள்ளே போகிறவருக்குச் சிலிண்டர் செட் வேண்டும்.

அந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் செட் எவ்வளவு நேரம் வரும்?

முதலில் ஒன்று: அதில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை, அமுக்கிய சாதாரணக் காற்று. ஆக்ஸிஜன் நிரப்பிக்கொண்டு நெருப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 1800 லிட்டர் காற்று. கடினமாக வேலை செய்பவர் நிமிடத்துக்கு 40, 50 லிட்டர் இழுப்பார். கணக்குப் போட்டால் 36இலிருந்து 45 நிமிடம், அதிலும் காற்று குறைந்து விசில் அடித்ததும் திரும்பிவிட வேண்டும். பயந்தவர் இன்னும் வேகமாகத் தீர்த்துவிடுவார். தாடி வைத்தவருக்கு முகமூடி ஒட்டாது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் ஓரத்தில் காற்று கசியும்.

ரைஸ் மில்லில் சைக்ளோன் போட்டும் சாம்பல் பக்கத்து வீட்டில் விழுகிறது. ஏன்?

இந்தக் கேள்வி தை, மாசியில் சம்பா வந்ததும் தொடங்கும். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு எடை உமி. அதைக் கொதிகலனில் எரித்தால் அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. லேசானது, கூர்மையானது, கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு மில்லுக்குக் கூப்பிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடியில் காயும் துணியைக் கொண்டுவந்து மில்காரர் முன்னால் உதறிக் காட்டுகிறார்கள். சைக்ளோன் புதுசு, அளவும் சரி. சுற்றிப்போய் அடியில் பார்த்தேன். சாம்பல் இறங்கும் இடத்தில் சுழல் வால்வு இருக்க வேண்டும். அது சிக்கிக்கொண்டது என்று கழற்றிவிட்டு, கோணிச் சாக்கைக் கட்டியிருந்தார்கள். சைக்ளோனின் உள்ளே காற்று சுழன்று நடுவில் வெற்றிடம் மாதிரி உண்டாகும். அடியில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை உறிஞ்சும், பிரிந்து விழுந்த சாம்பலையே அது மறுபடி தூக்கிக்கொண்டு புகைபோக்கிக்குப் போய்விடும். வால்வைச் சரிசெய்து மாட்டினோம், மறுநாள் துணி வெள்ளையாகக் காய்ந்தது.

அப்புறம், சைக்ளோன் 10 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) மேற்பட்ட தூளைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதைவிட நுண்ணியது தப்பும். அதற்குப் பை வடிகட்டி அல்லது நீர்த்தெளிப்பு ஸ்க்ரப்பர். பை வடிகட்டி போடுபவர்கள் அதற்கு முன்னால் தீப்பொறி தடுப்பானைப் போடாமல் விடாதீர்கள். உமிக் கங்கு ஒன்று போய் ஒட்டினால் பை முழுக்க ஓட்டை. ஸ்க்ரப்பர் போடுபவர்கள் அந்தச் சாம்பல் தண்ணீர் எங்கே போகும் என்பதை முதலிலேயே யோசியுங்கள். வாய்க்காலில் விடுவதற்கு அது வழியல்ல.

நெல் ஊறவைத்த தண்ணீரை வாய்க்காலில் விட்டால் வயலுக்கு உரம்தானே?

தாத்தா காலத்து மில் ஒரு நாளில் ஊறவைத்தது இப்போதைய மில்லுக்கு ஒரு தொட்டிக்குக் காணாது. குளிர்ந்த நீரில் இரண்டு நாள் ஊறினால் புளித்து நாறும். அந்தத் தண்ணீர் குளத்தில் கலந்தால் கிருமிகள் அதைத் தின்னும் வேகத்தில் நீரிலுள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். பிஓடி என்று அளப்பது இதைத்தான். பொது வரம்பு, ஆறு குளத்தில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாசனத்துக்கு நிலத்தில் விட 100. சுத்திகரிக்காத ஊறல் தண்ணீர் இந்த எண்களுக்குப் பக்கத்திலேயே வராது. வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைக்கும் முறைக்கு மாறினால் நாற்றம் பாதி குறையும். சுத்திகரிப்புத் தொட்டியின் பாரமும் குறையும். இயந்திரம் விற்கிறவன் நானே சொல்கிறேன், முதலில் அதைச் செய்யுங்கள்.

மில்லுக்கு அனுமதி வாங்க எந்த அலுவலகம்?

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். நிறுவ ஓர் இசைவு, இயக்க ஓர் இசைவு, இரண்டும் 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். எல்லையிலுள்ள வாஞ்சூரில் ரோட்டைத் தாண்டினால் சட்டம் ஒன்றுதான், கையெழுத்துப் போடுபவர் வேறு. 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தால் ரைஸ் மில்லுக்குத் தடையா என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. தோல் பதனிடுதல், உருக்காலை, கப்பல் உடைப்பு, புதிதாக எண்ணெய் எரிவாயு துரப்பணம் போன்றவைதான் அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில்.

எங்களுடையது சின்ன இறால் பண்ணை. சுத்திகரிப்புக் குட்டை கட்டாயமா?

5 ஹெக்டேரும் அதற்கு மேலும் நீர்ப்பரப்பு உள்ள பண்ணைக்கு 2005 விதிகளிலேயே கட்டாயம். சின்னப் பண்ணையும் ஒரு படிவுக் குட்டை வைத்துக்கொள்வது நல்லது, பக்கத்துப் பண்ணையின் நோய் உங்கள் வாய்க்காலிலும் வரும். இந்த விதிகளுக்கெல்லாம் வேர் நம் மண்ணில்தான். டெல்டாவின் காந்தியவாதி எஸ்.ஜகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகப் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் வந்தது.

கடலில் எண்ணெய் கசிந்தால் வைக்கோல் போட்டால் உறிஞ்சாதா? நம்மிடம்தான் மலைமலையாக இருக்கிறதே.

நல்ல கேள்வி, கேட்டவர் ஒரு விவசாயி. உறிஞ்சும், தன் எடையைப்போலப் பல மடங்கு. ஆனால் எண்ணெயோடு தண்ணீரையும் குடிக்கும், சில மணி நேரத்தில் கனத்து மூழ்கும். அதற்குள் வாரி எடுத்துவிட முடியுமென்றால் கரையோரத்தில் பயன்படும். கடைகளில் விற்கும் பாலிப்ரொப்பிலீன் விரிப்பு எண்ணெயை மட்டும் பிடிக்கும், தண்ணீரைத் தள்ளிவிடும்.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கசிந்தபோது மிதவைத் தடுப்பு பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். மிதவை எண்ணெயை வளைத்து நிறுத்தும், ஆனால் நீரோட்டம் நேராக மோதும்போது அதன் வேகம் 0.7 நாட் (மணிக்குச் சுமார் 1.3 கிலோமீட்டர்) அளவுக்கு மேல் போனால் எண்ணெய் அடியில் புகுந்து தப்பும். அதனால் ஆற்று முகத்துவாரத்தில் குறுக்கே கட்டாமல் சாய்வாகக் கட்டி ஒரு மூலைக்கு ஒதுக்குவார்கள். எண்ணெயைக் கரைக்கும் ரசாயனத்தைத் தெளித்துவிடலாமே என்பவர்களுக்கு: கடலோரக் காவல் படையின் அனுமதி இல்லாமல் தெளிக்கக் கூடாது. ஆழமில்லாத பாக் நீரிணையிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும் அதை நினைக்கவே வேண்டாம். எண்ணெய் கண்ணில் மறையும், இறால் குஞ்சின் வயிற்றுக்குள் போகும்.

எங்கள் படகின் கழிவு ஆயிலை என்ன செய்வது?

கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள், உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கலாம். அடித்தட்டில் ஒரு விரிப்புத் துண்டைக் கட்டிப் போட்டால் பம்ப் போடும்போது எண்ணெய் கடலுக்குப் போகாது.

துருப்பிடிக்காத ஸ்டீல் என்று வாங்கினேன், ஆறு மாதத்தில் துரு. ஏமாற்றினார்களா?

அநேகமாக 304 ரகத்தைக் கொடுத்திருப்பார்கள். அது அடுப்படிக்கு நல்லது. கடலோரத்துக்கு 316, அதில் 2இலிருந்து 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்பின் அரிப்பைத் தாங்கும். காந்தம் ஒட்டிப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலுமே ஒட்டாது. சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

சர்வீசுக்கு எப்போது கொண்டுவரலாம்?

விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரையுள்ள தடைக்காலத்தில். கடைசி வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், மே மாதமே வந்துவிடுங்கள். மில்காரர்கள் ஆடியில், குறுவை அறுவடைக்கு முன். வரும்போது பழைய ரசீது அட்டையோடு, சிலிண்டர் மாட்டியிருந்த ஆணியையும் கொண்டுவாருங்கள். ஆணி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று பார்த்தாலே மாட்டியிருக்கும் இடத்தை மாற்ற வேண்டுமா என்று சொல்லிவிடுவோம்.